விவாகரத்துத் தீர்ப்பு வந்தும் 401(கே) பணம் ஏன் நகரவில்லை?

அமெரிக்காவில் நம்மவர்கள் கூடுகிற வார இறுதி விருந்துகளில் விவாகரத்துப் பேச்சு இப்போதெல்லாம் கிசுகிசுப்பாக நடப்பதில்லை. யாராவது ஒருவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சட்டம் பேசிவிடுவார். "401(கே)யில பாதி போயிடும்." "அதெல்லாம் இல்ல, கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான்." "பத்து வருஷம் ஆகியிருந்தாத்தான் பங்கு." 401(கே) என்பது வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாக ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்கும் கணக்கு. மூன்றும் அவ்வளவு உறுதியோடு சொல்லப்படும். மூன்றுமே தவறு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவை சாகாமல் உலவுகின்றன.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நீதிபதி பாதி என்று எழுதிவிட்டால் பணம் தானாக வந்துவிடும் என்ற எண்ணம். வராது. ஏன் வராது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பட்டாவும் தீர்ப்பும்

ஊரில் அண்ணன் தம்பிக்குள் நில வழக்கு நடக்கிறது. பல வருடம் இழுத்து, தம்பிக்குப் பாதி என்று தீர்ப்பு வருகிறது. தீர்ப்பு நகலைப் பூஜை அறையில் வைத்துவிட்டுத் தம்பி நிம்மதியாக இருந்தால் என்ன ஆகும்? பட்டாவில் அண்ணன் பெயர்தான் இருக்கும். மனு கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, தம்பி பெயரில் தனிப் பட்டா வாங்கினால்தான் பதிவேடு மாறும். யாருக்கு எவ்வளவு என்று சொல்வது நீதிமன்றம். பதிவேட்டை வைத்திருப்பது வேறொரு அலுவலகம்.

அமெரிக்க ஓய்வூதியப் பணமும் இப்படித்தான். பங்கைச் சொல்வது மாநிலத்தின் குடும்ப நீதிமன்றம். பதிவேட்டை வைத்திருப்பது வேலை செய்யும் நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டம். அந்தத் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துபவரைத் திட்ட நிர்வாகி என்பார்கள். விவாகரத்து வழக்கில் இவர் ஒரு கட்சிக்காரரே இல்லை. உங்கள் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்துப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் ஏற்கும் தாள் ஒன்றே ஒன்று. அதற்கு வருவதற்கு முன்னால், இத்தனை கெடுபிடி எதற்கு என்று பார்த்துவிடுவோம்.

பூட்டு போட்டது ஏன்?

1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் என்ற கார் நிறுவனம் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்த தன் ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு, வாக்களித்த ஓய்வூதியத்தில் சிறு பகுதிதான் கிடைத்தது. பலருக்கு அதுவும் இல்லை. அந்த அதிர்ச்சியும் சேர்ந்து உருவாக்கிய சட்டம்தான் 1974-ல் வந்த எரிசா. தனியார் நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் அது.

எரிசா அந்தப் பணத்துக்கு ஒரு பூட்டுப் போட்டது. ஊழியரின் ஓய்வூதியப் பணத்தை அவரே நினைத்தாலும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. கடன்காரர்களும் பொதுவாகக் கை வைக்க முடியாது. நம்மூர் வருங்கால வைப்பு நிதியைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்கிறோமே, அதே சிந்தனை. வயதான காலத்துச் சோற்றுக்கான பணம், அதற்கு வேலி வேண்டும்.

வேலி நல்லதுதான். ஆனால் முப்பது வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியையும் அது வெளியே நிறுத்தியது. அவர் உழைப்பும் சேர்ந்துதான் கணவர் வேலைக்குப் போனார். ஓய்வூதியம் மட்டும் கணவர் ஒருவர் பெயரில். விவாகரத்தானால் என்ன செய்வது என்று நீதிமன்றங்களே ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கடைசியில் 1984-ல் ரீகன் கையெழுத்திட்ட ஓய்வூதியச் சமத்துவச் சட்டம் வேலியில் ஒரு வாசல் வைத்தது.

அந்த வாசலின் பெயர் தகுதி பெற்ற குடும்ப உறவு உத்தரவு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வக்கீல்கள் "குவாட்ரோ" என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பங்கு யாருக்கு என்பதை விவாகரத்துத் தீர்ப்பு சொல்கிறது. ஓய்வூதியப் பணம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி குவாட்ரோ. தீர்ப்பு இருந்து சாவி இல்லையென்றால், பட்டா மாறாத தம்பியின் கதைதான்.

எதில் பாதி?

சரி, "பாதி போயிடும்" என்பதற்கு வருவோம். பிரிவது மொத்தத் தொகை அல்ல. திருமண காலத்தில் சேர்ந்த பகுதிதான் பொதுவாகப் பங்குக்கு வரும். மணமாவதற்கு முன் சேர்த்ததும் பிரிந்த பின் சேர்த்ததும் பொதுவாக அவரவருடையது.

ஒரு கற்பனைக் கணக்கு. மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண். திருமணத்தன்று அவருடைய 401(கே)யில் 40,000 டாலர் இருந்தது. பிரியும்போது மொத்தம் 3 லட்சம் டாலர். அந்தப் பழைய 40,000 மட்டும் சந்தையில் வளர்ந்து 90,000 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வளர்ச்சியும் அவருடையதே என்று கொண்டால், பங்குக்கு வருவது 2,10,000. பாதி என்று முடிவானால் கணவருக்கு 1,05,000. ஒன்றரை லட்சம் அல்ல. பழைய கணக்கு அறிக்கைகளைத் தூக்கிப் போட்டவர்கள் இந்த இடத்தில்தான் தலையில் கை வைப்பார்கள். திருமணத்தன்று எவ்வளவு இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் அது தனக்கே உரியது என்று வாதாடுவதும் கஷ்டம்.

மணத்துக்கு முன் சேர்த்த பணத்தின் வளர்ச்சி யாருடையது, "பிரிந்த நாள்" என்பது எந்த நாள், இவையெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் தம்பதி உண்மையில் பிரிந்த நாளைப் பார்ப்பார்கள். நியூயார்க்கில் வழக்கு தொடங்கிய நாள் எல்லைக்கோடு. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் உட்பட ஒன்பது மாநிலங்களில் திருமண காலத்துச் சம்பாத்தியம் இருவருக்கும் பொதுச் சொத்து. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் "நியாயமான பங்கீடு" என்ற அளவுகோல். நியாயம் என்பது எப்போதும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது பங்கைத் தீர்மானிக்காது. கணவர் மனைவி இருவர் பெயரிலும் 401(கே) திறக்கவே வழியில்லை, அது எப்போதும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அதனால் "என் பேர்லதான் இருக்கு" என்பது வாதமே ஆகாது.

உண்டியலும் பசுவும்

ஓய்வூதியத் திட்டங்கள் இரண்டு சாதி. இந்த வேறுபாட்டில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒன்று உண்டியல். 401(கே) இந்த வகை. ஊழியர் போடுகிறார், நிறுவனமும் கொஞ்சம் போடலாம், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எந்த நாளும் எண்ணிப் பார்க்கலாம். பிரிப்பதும் சுலபம், இன்னொரு உண்டியல் வைத்து அதில் மாற்றிவிடலாம்.

இன்னொன்று பசு. பழைய பாணி மாத ஓய்வூதியம் இந்த வகை. கையில் எண்ணிப் பார்க்கத் தொகை கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் இவ்வளவு என்ற வாக்குறுதிதான் உண்டு. பசுவை இரண்டாக வெட்ட முடியாது, பாலைத்தான் பங்கு போட முடியும்.

எந்தக் கணக்கில்? பல மாநிலங்களில் கால விகிதம் பார்ப்பார்கள். ஒருவர் 30 வருடம் வேலை செய்து ஓய்வுபெறுகிறார். அதில் 12 வருடம் திருமண காலம். முப்பதில் பன்னிரண்டு என்றால் 40 சதவீதம். அதில் பாதி 20 சதவீதம். மாத ஓய்வூதியம் 3,000 டாலர் என்றால் முன்னாள் துணைக்கு 600.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பசு செத்தால் பாலும் நின்றுவிடும். முன்னாள் கணவர் இறந்த மாதத்தோடு அந்த 600 டாலர் நின்றுபோகலாம். ஓய்வுபெறும் முன்பே அவர் இறந்துவிட்டால் ஒரு மாதம்கூட வராமல் போகலாம். அதற்குள் அவர் மறுமணம் செய்திருந்தால், உயிரோடிருக்கும் துணைக்கான ஓய்வூதியம் புது மனைவிக்குப் போகும். இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது: குறிப்பிட்ட பங்குக்கு முன்னாள் மனைவியையே "உயிரோடிருக்கும் துணையாக" நடத்த வேண்டும் என்று குவாட்ரோவில் எழுதலாம். எழுதினால் உண்டு. சும்மா "ஓய்வூதியத்தில் 20 சதவீதம்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தும் வரைவுகளும் வருகின்றன. என்னைக் கேட்டால், குவாட்ரோவில் முதலில் தேட வேண்டியது சதவீதத்தை அல்ல, இந்த வரியைத்தான்.

சில திட்டங்களில் பங்கை ஊழியரின் ஆயுளோடு கட்டாமல், முன்னாள் துணையின் ஆயுளுக்கு ஏற்பக் கணக்கிட்டுத் தனியாகவே பிரித்துக் கொடுப்பார்கள். கன்றைப் பிரித்துத் தனிக் கொட்டகையில் கட்டுவது மாதிரி. ஓய்வூதியம் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் பெரும்பாலும் இந்த வழி அடைபட்டுவிடும்.

சுருக்கமாக: உண்டியலில் கவலை தொகையைப் பற்றி. பசுவில் கவலை, யார் முதலில் சாகிறார்கள் என்பதைப் பற்றி.

குவாட்ரோவுக்குள் என்ன இருக்கும்?

சட்டம் கேட்பது அதிகம் இல்லை. ஊழியரின் பெயர், முகவரி. பங்கு பெறுபவரின் பெயர், முகவரி. இவரை "மாற்றுப் பெறுநர்" என்கிறது சட்டம். எவ்வளவு தொகை அல்லது சதவீதம், அல்லது அதைக் கணக்கிடும் முறை. எத்தனை தவணை அல்லது எவ்வளவு காலம். எந்தத் திட்டத்திலிருந்து, அதுவும் திட்டத்தின் சரியான பெயரோடு. மாற்றுப் பெறுநராக இருக்கக்கூடியவர் துணை, முன்னாள் துணை, குழந்தை அல்லது சார்ந்து வாழும் வேறொருவர் மட்டும். மாமனாருக்குத் தர வேண்டிய கடனை இதன் வழியாக அடைக்க முடியாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. திட்டத்தில் இல்லாத ஒரு சலுகையைக் கொடு என்று உத்தரவிட முடியாது. திட்டம் கொடுக்க வேண்டியதைவிட அதிகம் கேட்க முடியாது. முந்தைய விவாகரத்தில் முதல் மனைவிக்கு ஒதுக்கிவிட்ட பங்கை இரண்டாம் மனைவிக்குக் கொடுக்கவும் முடியாது.

நடைமுறை இப்படி: வக்கீலோ குவாட்ரோ தயாரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவரோ வரைவு எழுதுவார். முடிந்தால் நீதிபதியிடம் போகும் முன்பே திட்ட நிர்வாகிக்கு அனுப்பி, ஏற்பீர்களா என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். பல திட்டங்கள் மாதிரிப் படிவமே வைத்திருக்கின்றன. பிறகு நீதிபதி கையெழுத்து. அப்புறம் அந்த உத்தரவு திட்டத்துக்குப் போகும். தகுதி இருக்கிறதா என்று அங்கே பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது "தகுதி பெற்ற" உத்தரவு. நீதிபதி கையெழுத்திட்டதையும் திட்டம் திருப்பி அனுப்பலாம். நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து திட்டத்தின் பெயர் மாறியது தெரியாமல் பழைய பெயரை எழுதினால்கூட உத்தரவு திரும்பி வரக்கூடும்.

இதை யார் செய்ய வேண்டும்? கேட்டு வாங்க வேண்டியவர்தான் முயற்சி எடுக்க வேண்டும். நீதிமன்றம் தானாகத் தயாரித்து அனுப்பாது. விவாகரத்து வக்கீல்கள் பலர் இதைத் தனி வேலையாகவே பார்க்கிறார்கள். "குவாட்ரோ யார் தயாரிப்பது, செலவு யாருடையது" என்று கேட்காமல் வழக்கை முடித்துக்கொண்டால், பல வருடம் கழித்து ஓய்வுபெறும் வயதில்தான் விஷயமே தெரியவரும். தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவைத் தள்ளக் கூடாது என்று 2006 சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்குள் பணத்தை எடுத்துச் செலவழித்திருந்தால், பூட்டிய வீட்டுக்குள் ஒன்றும் இல்லை என்ற கதைதான்.

சந்தை ஆடினால்?

401(கே) பணம் பெரும்பாலும் பங்குச் சந்தை நிதிகளில் இருக்கும். "1 லட்சம் டாலர்" என்று உத்தரவில் எழுதி, பணம் பிரிக்க ஒரு வருடம் ஆகிறது. 2008-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு வருடம் குறுக்கே வந்தால் நஷ்டம் முழுவதும் ஊழியர் தலையில். சந்தை ஏறினால் லாபம் முழுவதும் அவருக்கே. "இன்ன தேதியில் இருந்த தொகையில் இத்தனை சதவீதம், அன்றிலிருந்து பிரிக்கும் நாள்வரை லாப நஷ்டத்தோடு" என்று எழுதினால் இந்தச் சண்டையே இல்லை.

401(கே)யிலிருந்து கடன் எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கணக்கில் காட்டும் தொகை கடன் போக மீதியா, கடனையும் சேர்த்தா? வீடு வாங்கவென்று 50,000 எடுத்த குடும்பங்களில் இது சின்ன விஷயம் அல்ல.

வரி யார் கட்டுவது?

குவாட்ரோ வழியாக வந்த பணத்துக்கு வருமான வரி, வாங்கிக்கொண்ட முன்னாள் துணையுடையது, சம்பாதித்தவருடையது அல்ல. தன் பெயரில் ஒரு தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு நேரடியாக மாற்றிக்கொண்டால் இப்போதைக்கு வரி இல்லை. அந்தக் கணக்கைத்தான் ஐஆர்ஏ என்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. 59½ வயதுக்கு முன் 401(கே) பணத்தை எடுத்தால் வழக்கமாக 10 சதவீத அபராதம் உண்டு. குவாட்ரோவின்படி முன்னாள் துணை திட்டத்திலிருந்து நேரடியாக எடுத்தால் அந்த அபராதம் கிடையாது. கையில் வாங்கும்போது 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அபராதம் மட்டும் இல்லை. ஆனால் முழுவதையும் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு அங்கிருந்து எடுத்தால் அபராதம் திரும்ப வந்துவிடும். தனி வீடு பார்க்கவோ வக்கீல் கட்டணத்துக்கோ உடனே பணம் தேவைப்பட்டால், அந்த அளவை முதலில் எடுத்துக்கொண்டு மீதியை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் காசு போச்சு.

ஒரு படிவம், நான்கு லட்சம் டாலர்

டூபாண்ட் நிறுவன ஊழியர் ஒருவர் 1974-ல் தன் சேமிப்புத் திட்டத்துக்கு மனைவியை வாரிசாக எழுதினார். 1994-ல் விவாகரத்து. அந்தத் திட்டத்தில் தனக்கு உரிமை இல்லை என்று மனைவி ஒப்புக்கொண்டது தீர்ப்பிலேயே இருந்தது. இன்னொரு ஓய்வூதியத் திட்டத்துக்கு மகளை வாரிசாக மாற்றிய அவர், சேமிப்புத் திட்டத்தின் படிவத்தை மாற்றவில்லை. 2001-ல் அவர் இறந்தார். திட்டம் படிவத்தைப் பார்த்தது. சுமார் 4 லட்சம் டாலரை முன்னாள் மனைவிக்குக் கொடுத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கென்னடி வழக்கு என்று பெயர். 2009-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது: திட்டம் செய்தது சரி. திட்ட ஆவணங்கள் என்ன சொல்கின்றனவோ அதைத்தான் நிர்வாகி பார்க்க வேண்டும். வெளியே நடந்த தீர்ப்பைத் தோண்டிப் பார்க்கச் சொல்லக் கூடாது. பணம் கைக்குப் போன பிறகு முன்னாள் மனைவியிடமிருந்து வழக்குப் போட்டு மீட்கலாமா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவில்லை.

பட்டா உதாரணம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதற்கு இது சாட்சி. வாங்க வேண்டியவர் குவாட்ரோ இல்லாமல் ஏமாறலாம். கொடுக்க வேண்டாதவர் வாரிசுப் படிவத்தை மாற்றாமல் ஏமாறலாம்.

எல்லாப் பூட்டுக்கும் இந்தச் சாவி அல்ல

ஐஆர்ஏவைப் பிரிக்க குவாட்ரோ வேண்டியதில்லை. விவாகரத்துத் தீர்ப்பையோ உடன்படிக்கையையோ காட்டி, கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாக மாற்றலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் எரிசா பொருந்தாது. அங்கே உத்தரவின் பெயரும் விதியும் வேறு.

அமெரிக்க அரசே தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி முற்றிலும் வேறு கதை. அதைக் குடும்ப நீதிமன்றம் பிரிக்கவே முடியாது. ஆனால் திருமணம் குறைந்தது பத்து வருடம் நீடித்திருந்தால், மறுமணம் செய்யாத முன்னாள் துணை 62 வயதுக்குப் பிறகு மற்றவரின் பதிவை வைத்து ஓய்வூதியம் கேட்கலாம். முழு ஓய்வு வயதில் கேட்டால் அதிகபட்சம் அவருடைய முழுத் தொகையில் பாதி. அவருக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. விருந்தில் கேட்ட அந்தப் "பத்து வருஷம்" இங்கிருந்து கிளம்பி வந்ததுதான். 401(கே)க்கு அப்படி ஒரு விதியே கிடையாது; மூன்று வருடத் திருமணத்திலும் பங்கு உண்டு.

சென்னையில் வாங்கிய விவாகரத்து

கடைசியாக நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். இருவரும் நியூஜெர்சியில் வாழ்ந்தவர்கள். ஒருவர் ஊர் திரும்பிவிட்டார். பெரியவர்கள் பேசி, சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து. நகை, ஃபிளாட், 401(கே)யில் இத்தனை சதவீதம் என்று எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. நீதிபதியும் ஏற்றுக்கொண்டார்.

அந்த நகலை அமெரிக்கத் திட்ட நிர்வாகிக்கு அனுப்பினால் பணம் நகராது. குவாட்ரோ என்பது அமெரிக்க மாநிலத்தின் குடும்பச் சட்டத்தின்கீழ் பிறந்த உத்தரவாக இருக்க வேண்டும் என்கிறது எரிசா. சென்னைத் தீர்ப்பு எவ்வளவு செல்லுபடியானாலும் அந்த வரையறைக்குள் அதுவாக வந்து உட்காராது. அதை ஒரு மாநில நீதிமன்றம் ஏற்று, அதன் அடிப்படையில் தன் சொந்த உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஒத்துழைத்தால் இது கையெழுத்தும் கட்டணமுமாக முடியும். முகவரி மாற்றிக்கொண்டு போனை எடுக்காமல் இருந்தால், முடிந்துபோனதாக நினைத்த வழக்கைக் கடல் கடந்து மறுபடி தொடங்க வேண்டிவரும்.

ஆகவே சென்னையில் கையெழுத்துப் போடும் முன்பே, அந்த உத்தரவை வாங்கப்போகும் அமெரிக்க மாநிலத்து வக்கீல் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் திட்டத்தின் முழுப் பெயரும் தேதியும் சதவீதமும் இருக்கட்டும். மாநில நீதிமன்ற உத்தரவுக்கு எதிர்த்தரப்பு ஒத்துழைப்பார் என்ற வரியும் இருக்கட்டும். நகை கைமாறுவதற்கு முன்பே அவரிடம் அந்த வரியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.